எட்டாம் நம்பர் பிரஸ்ஸும் ஐந்து பேய்ப் படங்களும்

தொழிலாளிகளுக்குப் பயம் போதவில்லை என்று எங்கள் கம்பெனி கண்டுபிடித்தது, தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரி கடைசியில். வளைகுடாச் சண்டை நின்று, பெட்ரோல் தட்டுப்பாடு கொஞ்சம் தீர்ந்து, அதிகாரிகளின் கார்கள் மறுபடி மெட்ராஸிலிருந்து வந்து போக ஆரம்பித்திருந்த சமயம். கார் ஓடாத நாட்களில் அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கும் பங்கு உண்டு. டைப் அடித்தது நான்தான். என் பெயர் நடேசன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், லாரிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற அந்தத் தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதுவது என் வேலை. வந்தபடியே முழுசாகப் போனானா என்பது என் பதிவேட்டில் சேராது.

பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. போன வருஷம் பதினொரு விபத்து, காரணத்தை ஆராய்ந்து எழுதவும் என்று. பாதுகாப்பு அதிகாரி நரசிம்மன் மூன்று நாள் ஏசி அறையில் உட்கார்ந்து ஆராய்ந்தார். மிஷின்கள் ஓடுகிற ஷாப்புக்குள் ஒரு தடவைகூடப் போகவில்லை. போனால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்றார். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்.

"பயம் ஒரு பழக்கம், நடேசன். நம்ம ஆட்களுக்கு அது இல்லை. பேயைப் பார்த்துப் பயப்படக் கத்துக்கிட்டவன் நாளைக்கு மிஷினைப் பார்த்தும் பயப்படுவான். மார்ச் நாலாம் தேதி பாதுகாப்பு வாரம் வருது. பேய்ப் பட விழா நடத்தப் போறோம். திங்கள் முதல் வெள்ளி வரைக்கும், தினம் ஒரு படம்."

"மிஷினைக் கொஞ்சம் ரிப்பேர் பார்த்தா..." என்று இழுத்தேன்.

"மிஷினை மாத்தறதுன்னா பம்பாயில பர்மிஷன் வாங்கணும். மனுஷனை மாத்தறதுக்கு ஒரு வீடியோ டெக்கும் ஒரு கலர் டிவியும் போதும். எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன்.

தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அப்பாவு என்று ஒருவன் இருந்தான். பிள்ளைப்பாக்கத்துக்காரன், நாற்பது வயதிருக்கும், ஒன்பது வருஷமாக எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் நிற்கிறான். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால் மேலிருந்து இரும்பு அச்சு இறங்கி அடிக்கும். கை உள்ளே போகாமல் மறிப்பதற்கு முன்னால் ஒரு கம்பி வலை இருந்தது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதைக் கழற்றி இரண்டு வருஷம் ஆகிறது. அது எல்லா பிரஸ்ஸிலும் உள்ளதுதான். எட்டாம் நம்பருக்கு மட்டும் பொங்கலிலிருந்து ஒரு புதுச் சீக்கு.

"ஒரு தரம் அமுக்குனா ரெண்டு தரம் எறங்குது சார்" என்று என்னிடம் வந்து சொன்னான். "எப்பவும் இல்ல. எப்பவாச்சும். அடிச்ச தகட்ட எடுக்கலாம்னு கைய வுடுவோம் பாரு, அப்போ தானா இன்னொரு அடி."

அவன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தான். சூப்பர்வைசர் மெயின்டனன்ஸைக் கேட்கச் சொன்னார். மெயின்டனன்ஸ்காரர்கள், மிஷினை நிறுத்த உற்பத்திப் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். உற்பத்திப் பிரிவு, மாசக் கடைசி போகட்டும் என்றது. மாசக் கடைசி இரண்டு தடவை போய்விட்டது.

"பாதுகாப்பு வாரம் வருது அப்பாவு, எல்லாருக்கும் ஒரு படிவம் குடுப்பாங்க. அதுல எழுது. அதைக் கட்டாயம் படிப்பாங்க" என்று நான்தான் சொன்னேன். இந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை கேண்டீனில் குத்துவிளக்கு ஏற்றி விழா தொடங்கியது. படங்களைத் தேர்ந்தெடுக்க மெட்ராஸிலிருந்து வசந்தகுமார் என்பவரை வரவழைத்திருந்தார்கள். ஏதோ ஒரு திரைப்படச் சங்கத்தின் செயலாளர். வருஷா வருஷம் தன் சங்கத்தில் திகில் பட விழா நடத்துகிறவர். இருபத்தேழு பேர் வருவார்களாம். இங்கே அறுநூறு பேர் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த முதல் படம் வெளியானபோது இரண்டே நாளில் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள்" என்று ஆரம்பித்தார். "அதற்கப்புறம்தான் உலகம் பூராவும் இதற்குப் பக்தர்கள் உண்டானார்கள். நான் பதினேழு தடவை பார்த்திருக்கிறேன். இன்னும் விளங்கவில்லை. விளங்கிவிட்டால் அதன் மேல் எனக்கு மரியாதை போய்விடும். உங்களைப் போல எழுந்து போக முடியாத ரசிகர்களைத்தான் எங்கள் சங்கம் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது."

எங்கள் கேண்டீனில் சாப்பாடு நான்கு பந்தி. பந்திக்கு அரை மணி. படம் இரண்டு மணி நேரம். படத்தைப் போட்டு விட்டுவிடுவார்கள். எந்தப் பந்திக்கு எது வாய்க்கிறதோ அது. முதல் பந்தி பார்த்தது எழுத்து ஓடுவதும் கதாநாயகி ஊருக்கு வருவதும். இரண்டாம் பந்தியில் சாவு. நான்காம் பந்தியில் பேய் ஒழிந்து சுபம். பிரஸ் ஷாப்புக்கு மூன்றாம் பந்தி. ஐந்து படத்திலும் அவர்கள் மூன்றாம் அரை மணியை மட்டும் பார்த்தார்கள். பேய் யார், ஏன் பேயானாள், என்ன ஆனாள் என்று எதுவும் தெரியாது. அலறல் மட்டும் கிடைத்தது. சாயங்காலம் கேட் வாசலில் நான்கு பந்தி ஆட்களும் கூடி நின்று கதையை ஒட்டிப் பார்ப்பார்கள். அந்த ஐந்து நாளும் ஊர் பஸ்ஸை ஒருவனும் சரியான நேரத்துக்குப் பிடிக்கவில்லை.

பந்தி முடிந்ததும் கை கழுவுகிற இடத்தில் படிவம். நான் ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்தது. 'நன்றாகப் பயந்தேன், சுமாராகப் பயந்தேன், பயப்படவில்லை' என்று மூன்று கட்டம். கடைசியில், 'உங்களை மிகவும் பயமுறுத்தியது எது?' என்று கோடு போட்ட இடம்.

அப்பாவு கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, எழுத்தெழுத்தாக எழுதினான்: 'எட்டாம் நம்பர் பிரஸ் தானாக இரண்டாம் தரம் இறங்குவது.'

அன்றைக்கு மத்தியானமே நரசிம்மன் அவனைக் கூப்பிட்டுவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். படித்துவிட்டார்களே என்று அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இது எந்தப் படத்துல வருது?"

"படத்துல இல்ல சார். ஷாப்புல."

"விழாவைப் பத்தின படிவம்பா இது. விழாவுல காட்டினதுக்குத்தான் பயப்படணும். நீ பாட்டுக்கு வெளியில இருக்கறதுக்கெல்லாம் பயந்தா நான் அதை எந்தக் கணக்குல சேர்ப்பேன்?"

"ஒரு தரம் வந்து நின்னு பாருங்க சார். அஞ்சு நிமிஷம்."

"பார்க்கலாம், பார்க்கலாம். நாளைக்கு ஒழுங்கா எழுது."

செவ்வாய்க்கிழமையும் அதையே எழுதினான். புதன்கிழமையும் அதையே.

இதற்கிடையில் தாவீது மேல் ஒரு புகார் வந்தது. தாவீது தண்டலத்துக்காரன், அதே ஷாப்பில் ஐந்தாம் நம்பர் பிரஸ். இரண்டாம் படத்தில் பேய் அலறிக்கொண்டு வருகிற கட்டத்தில் வாய்விட்டுச் சிரித்து மூன்றாம் பந்தி முழுவதையும் சிரிக்க வைத்துவிட்டான். 'தங்கள் சிரிப்பினால் சக தொழிலாளர்களின் பயம் பாதிக்கப்பட்டது; நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்' என்று மெமோ அடித்துக் கொடுத்தேன். அவன் விளக்கம் எழுதினான்: 'ஐயா, அந்தப் பேய் கையில் வாட்ச் கட்டியிருந்தது. செத்த பிறகும் அதற்கு ஷிப்டு இருக்கிறதே என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும்.' விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று கோப்பில் குறித்தார்கள்.

வியாழக்கிழமை அப்பாவு ஒரு காரியம் செய்தான். வெளியூரிலிருந்து வந்து, கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு சுற்றிக்கொண்டிருந்த வசந்தகுமாரை சர்க்கார் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துவிட்டான். நேராகப் போய்க் கும்பிட்டு பிரஸ்ஸைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். வசந்தகுமார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காரணமே இல்லாமல் இறங்குகிற இரும்பு! யாரும் தொடவில்லை, ஆனால் இறங்குகிறது! எப்பேர்ப்பட்ட கற்பனை! மிஸ்டர் நரசிம்மன், இங்கே வாருங்கள். மூன்றே படத்தில் இந்த மனிதருக்கு மிஷினே பேயாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இதைத்தானே நீங்கள் கேட்டீர்கள்?"

நரசிம்மன் அப்பாவுவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. பேயிலிருந்து பயம் மிஷினுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய அதே வழியில், அதே வாரத்தில். உடனே பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டார்.

"அய்யோ சார், பொங்கல்லேந்து சொல்லிக்கினு கீறேன் சார்" என்றான் அப்பாவு. யாரும் காதில் வாங்கவில்லை.

வெற்றி என்று தெரிந்ததும் விழா வளர்ந்தது. தொழிலாளி மட்டும் பயந்தால் போதாது, குடும்பமும் பயந்தால்தான் பயம் நிலைக்கும் என்று ஒரு சுற்றறிக்கை. இதற்கு 'வீட்டு வெளியீடு' என்று பெயர். கேசட்டும் டெக்கும் டிவியும் கம்பெனி வேனில் வீடு வீடாகப் போகும். முதல் மரியாதை அப்பாவு வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குடும்பத்தாரின் பயத்தைக் குறித்துவர என்னையும் படிவத்தோடு வேனில் ஏற்றினார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் தெருவே திரண்டுவிட்டது. அப்பாவுவின் மனைவி கிளியம்மாள் வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். படம் ஓடியது. இந்தத் தடவை முழுசாக, ஆரம்பத்திலிருந்து. பேய் வரும்போதெல்லாம் பிள்ளைகள் கை தட்டினார்கள். முடிந்ததும் நான் பேனாவை எடுத்தேன்.

"பயந்தீங்களாம்மா?"

"அதுக்கு இன்னா சார், பட்டுப் பொடவ கட்டிக்கினு, தல நெறைய பூ வெச்சிக்கினு நல்லாத்தான கீது அந்தப் பொண்ணு" என்றாள் கிளியம்மாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "சார், நீங்க ஆபீஸ்ல கீறவரு. ஒண்ணு கேக்குறேன். சாயங்காலம் இவரு வூட்டுக்கு வந்தாருன்னா மொதல்ல கையத்தான் பாப்பேன். பத்து வெரலும் கீதான்னு. பொங்கலுக்கப்புறம் ஒரு நாள்கூட அத வுட்டது இல்ல. இத எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

மூன்று கட்டத்தையும் பார்த்தேன். 'நன்றாகப் பயந்தேன்' என்பதில் ஒரு குறி போட்டேன். வேனில் திரும்பி வரும்போது டிவி என் மடியில் இருந்தது. அப்போதே எனக்கு மனசு சரியில்லை. ஆனாலும் திங்கட்கிழமை காலை, அந்தப் படிவத்தையும் மற்றதோடு சேர்த்துக் கட்டி, திரைப்பட விழாக் கோப்பில் வைத்தேன்.

அன்று மத்தியானம் நிறைவு விழா. 'மிகச் சிறப்பாகப் பயந்த தொழிலாளி' என்ற முதல் பரிசு அப்பாவுவுக்கு. எவர்சில்வர் குடம். ஜெனரல் மேனேஜர் தன் கையால் கொடுத்தார்.

"நான் இந்தக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன்" என்று அவர் பேசினார். "ஷாப்புக்குள் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் இருந்தது. அதனால் போவதை நிறுத்திக்கொண்டேன். எனக்கு இதுவரை ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. இதை ஒவ்வொரு தொழிலாளியும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டும்."

ஏற்புரை சொல்ல அப்பாவுவை மைக் முன்னால் நிறுத்தினார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கொடம் வேணாம் சார். அந்த எட்டாம் நம்பர நிறுத்துங்க. தானா எறங்குது சார். சத்தியமா சொல்றேன், தானா எறங்குது." குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கேண்டீனே அதிர்ந்தது. எத்தனை தத்ரூபம் என்று வசந்தகுமார் எழுந்து நின்று தட்டினார். அதைப் பார்த்து எல்லாரும் எழுந்து தட்டினார்கள். தாவீது விசில் அடித்தான். நானும் தட்டினேன். ஜெனரல் மேனேஜரின் பார்வை என் பக்கம் இருந்தது.

மறுநாள் ஓர் உத்தரவு டைப் அடித்தேன். இந்த அளவுக்குப் பயம் உள்ளவரை மிஷினில் நிறுத்துவது பாதுகாப்பு விதிகளுக்கு விரோதம்; எனவே திரு. அப்பாவு பயம் தெளியும்வரை தோட்ட வேலைக்கு மாற்றப்படுகிறார். எட்டாம் நம்பர் பிரஸ்ஸுக்கு, பயம் குறைவாக உள்ள திரு. தாவீது.

பயப்பட வைக்கத்தானே இத்தனையும் செய்தோம், பயந்தவனை ஏன் எடுக்கிறோம் என்று நரசிம்மனைக் கேட்டேன். "விழா முடிஞ்சு போச்சே நடேசன்" என்றார்.

கேட் வாசலில் அப்பாவு தாவீதை நிறுத்திவைத்துச் சொன்னதை என் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "தம்பி, அடிச்ச ஒடனே கைய வுட்டுடாத. ரெண்டு எண்ணிட்டு எடு. அது இன்னொரு தரம் வரும்."

"உன் பேயா அண்ணே? வரட்டும். வந்தா டைம் இன்னான்னு கேட்டுக்கிறேன்" என்றான் தாவீது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுவும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தான்.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு தாவீதின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. ஒரு தடவை அமுக்கினான், இரண்டு தடவை இறங்கியது. கம்பெனி வேன், வாடகைக்கு எடுத்த டெக்கையும் டிவியையும் கடையில் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தது. அது வருகிறவரை அவனைக் கேண்டீன் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். கையில் சுற்றிய துணியை அப்பாவு பிடித்துக்கொண்டிருந்தான். தாவீது அழவில்லை. "அண்ணே, நீ சொன்ன இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சாயங்காலம் விபத்து அறிக்கை. நரசிம்மன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒன்பதாவது கேள்வி: 'இயந்திரம் பற்றி முன்னதாக யாரேனும் தெரிவித்திருந்தார்களா?'

"இல்லைன்னு போடு."

"சார், அப்பாவு அஞ்சு படிவத்துலயும் எழுதியிருக்கான்."

"அது சினிமா விழாக் கோப்பு. இது விபத்துக் கோப்பு. ஒரு கோப்புல உள்ளது இன்னொரு கோப்புக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சொன்னார்.

'இல்லை' என்று அடித்தேன். மூன்று எழுத்து அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? என் கை கூசவில்லை. அதைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை ஷிப்டு தொடங்குகிற நேரத்துக்கு அப்பாவு என் மேஜைக்கு வந்தான். நரசிம்மன் கொடுத்தனுப்பிய தாள் ஒன்றில் அவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. மீண்டும் எட்டாம் நம்பர் பிரஸ்ஸில் பணிபுரியச் சம்மதிக்கிறேன்.' பிரஸ்ஸை நிறுத்த அனுமதி கேட்டுப் போன கடிதத்துக்குப் பம்பாயிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அவன் வாசித்துவிட்டு, "சார், நான் எழுதிக் குடுத்ததெல்லாம் எங்க கீது?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றேன்.

"பத்தரமா கீதா?"

விழாக் கோப்பு இருந்த அலமாரியைப் பார்த்தேன். "போகாத அப்பாவு" என்றேன். "தோட்டத்துலயே இருந்துடு. முடியாதுன்னு எழுதிக் குடு, நான் அடிச்சுத் தரேன்."

"நான் மாட்டேன்னா வேற ஒருத்தன நிறுத்துவாங்க சார். அவன்கிட்ட சொன்னா சிரிப்பான். அப்பாவு பேய்க் கத சொல்றான்னு நெனப்பான். எனக்கு அது மிஷினுன்னு தெரியும்." கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளிவிட்டு ஷாப்புக்குள் போனான்.

பத்து நிமிஷம் கழித்து எட்டாம் நம்பர் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு அடி. கொஞ்சம் பொறுத்து இன்னொரு அடி. அப்புறம் ஒன்று. அதன் சத்தம் அடங்குவதற்குள் உடனே இன்னொன்று.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அடுத்த அடி விழுந்தால்தான் அவன் கை இருக்கிறது என்று அர்த்தம். அது விழுகிறவரை நின்றுகொண்டே இருந்தேன்.